ஊதியம் தானமல்ல

கொடுப்பது இரு வகைப்படும். ஒன்று தானம், மற்றொன்று கடனைத் திருப்பிச் செலுத்துதல். தானம் செய்பவர் எவ்வளவு கொடுப்பது என்பதைத் தம் மனத்தையும் வசதியையும் கொண்டு முடிவு செய்யலாம். கடனைத் தீர்ப்பவருக்கு அந்த உரிமை இல்லை. கடனுக்குத் தானம் என்று பெயரிட்டுக் குறைத்துக் கொடுப்பவர் இரண்டு தவறுகளைச் செய்கிறார்: பிறருக்கு உரியதை மறுக்கிறார், மறுத்த பிறகு நன்றியையும் எதிர்பார்க்கிறார். பார்வையற்றோருக்கு வேலை தரும் நல்லெண்ணம் படைத்தவர்களும் தம்மை அறியாமல் இப்பிழைக்கு ஆளாவதுண்டு.

இது தனிமனிதரின் பிழை மட்டுமல்ல. சட்டங்களிலும் இடம்பெற்ற ஒன்று. அமெரிக்காவில் 1938-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம், உடற்குறை உள்ளவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்திற்கும் கீழாகக் கொடுக்கச் சிறப்பு அனுமதி வழங்கியது. பல மாநிலங்கள் பின்னர் அவ்வழக்கத்தைத் தடை செய்தன. நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், தன் 26-ஆம் பிரிவில், ஊனமுற்ற தொழிலாளர்களுக்கு விலக்கு அளிக்க அரசுகளுக்கு இடம் தந்திருந்தது. ‘இவர்களுக்கு வேலை தருவதே ஓர் உதவி, அதற்கு மேல் முழுக் கூலியும் வேண்டுமா?’ என்பதே இத்தகைய விலக்குகளின் பின்னுள்ள எண்ணம்.

இதே எண்ணம் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ராஜஸ்தானில் பஞ்ச நிவாரணமாகச் சாலை அமைத்த தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் கிடைக்கவில்லை. அது நிவாரணப் பணி என்பது அரசின் வாதம். 1983-இல் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. ஒருவரது உழைப்பைப் பெற்றுக்கொண்டு, அவரது ஆதரவற்ற நிலையைக் காரணம் காட்டிக் கூலியைக் குறைப்பது கட்டாய உழைப்பே ஆகும் என்றது. தீர்ப்பு பஞ்சத்தில் வாடியவர்களைப் பற்றியது. ஆனால் அதன் தர்மம் பார்வையற்றோருக்கும் பொருந்தும்.

கர்த்தாவும் கரணமும்

நியாய சாஸ்திரம் செயலைச் செய்பவனைக் கர்த்தா என்றும், செயலுக்குத் துணையாகும் கருவியைக் கரணம் என்றும் பிரித்துக் காட்டுகிறது. மரம் வெட்டுபவன் கர்த்தா, கோடரி கரணம். கூலி கோடரிக்கு அல்ல, வெட்டுபவனுக்கே உரியது. கண்ணும் ஒரு கரணமே என்பது வேதாந்தத்தின் முடிவு. காண்பவன் கண்ணிலிருந்து வேறானவன். ஒரு கரணம் இல்லாதபோது மற்றொரு கரணம் அவ்வேலையைச் செய்யலாம். அதனால் கர்த்தா குறைந்துவிடுவதில்லை.

திரையில் உள்ள எழுத்துகளைக் குரலாக வாசித்துக் காட்டும் மென்பொருள் அத்தகைய ஒரு கரணம். அது நெடுங்காலம் எளியோர் வாங்க இயலாத விலையில் இருந்தது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் ‘என்.வி.டி.ஏ.’ என்ற மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பார்வையற்றவரான ஜேம்ஸ் டே அவருடன் இணைந்தார். இன்றும் அது இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. ஆகவே ‘கருவிக்குச் செலவாகும்’ என்ற பழைய காரணம் பெருமளவு வலுவிழந்துவிட்டது.

செலவு உண்டு என்றே கொள்வோம். மாலை மயங்கியதும் அலுவலகத்தில் விளக்குகள் எரிகின்றன. பார்வையற்ற ஊழியருக்கு அவை தேவையில்லை. பார்வையுள்ளவர்களுக்காகவே அச்செலவு செய்யப்படுகிறது. அதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. அவர்களது சம்பளத்தில் பிடித்தம் செய்வதும் இல்லை. ஒருவருக்கு விளக்கு எப்படியோ, மற்றவருக்கு வாசிக்கும் மென்பொருள் அப்படி.

ஓர் ஆட்சேபம்

‘ஒருவர் உண்மையிலேயே மெதுவாக வேலை செய்தால்?’ என்று கேட்கலாம். இது நியாயமான கேள்வி. முதலில் தாமதத்தின் காரணத்தை ஆராய வேண்டும். தட்டச்சு செய்த ஆவணத்தை மென்பொருள் உடனே வாசிக்கும். தாளைப் படமெடுத்து அனுப்பினால் நேரடியாக வாசிக்க இயலாது. இணையப் பக்கத்தின் பொத்தானுக்குப் பெயரிடாமல் விட்டால், ‘பொத்தான்’ என்று மட்டுமே அது சொல்லும். அங்கே குறை ஊழியருடையதல்ல. ஆவணத்தையும் பக்கத்தையும் அமைத்தவருடையது. கரணத்தைத் தடுத்துவிட்டுக் கர்த்தாவின் திறமையை அளப்பது நேர்மையாகாது. மின்னணு வசதிகளை அனைவரும் அணுக முடிவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்ததும் இதையே வலியுறுத்துகிறது.

தடைகள் நீங்கிய பின்னும் வேகம் குறைவாக இருக்கலாம். பார்வையுள்ளவர்களிலும் விரைவாகச் செய்பவரும் மெதுவாகச் செய்பவரும் உண்டு. அவர்களுக்கு எந்த அளவுகோலோ அதுவே இவர்களுக்கும். ஆனால் குறைந்தபட்ச ஊதியம் வேகத்தின் அளவு அல்ல. வாழ்க்கைத் தேவையின் அளவு. 1957-இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு அதற்கு அடிப்படையாக வகுத்தவை நாளொன்றுக்கு ஒருவருக்கு 2,700 கலோரி உணவு, ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் முதலியன. பார்வையற்றவரின் பசி குறைந்ததல்ல. கடைக்காரர் அவருக்கு அரிசியைப் பாதி விலையில் தருவதும் இல்லை.

2011-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புப்படி நம் நாட்டில் பார்வைக் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். இவர்களுக்கு வேலை தருவோர், அறப்பணி நிறுவனங்களை நடத்துவோர் உட்பட, தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம்: இவருக்கு உரிய கருவி தரப்பட்டுள்ளதா? இதே பணியைச் செய்யும் மற்றவருக்குரிய சம்பளம் இவருக்கும் உண்டா? இவர் சம்பள உயர்வு கேட்டால் அது நன்றியின்மையாகத் தோன்றுகிறதா? மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று மனம் சொன்னால், கொடுத்ததை நாம் இன்னும் தானமாகவே எண்ணிக்கொண்டிருக்கிறோம். தானம் செய்ய வாழ்வில் எத்தனையோ வாய்ப்புகள் உண்டு. அதற்கு முன் கடனைத் தீர்ப்பது கடமை.