இரைச்சல் எங்கிருந்து வருகிறது?



தேனி, போடி தொடங்கி சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வரைக்கும் நம்ம பள்ளத்தாக்குச் சபைகளில் வாலிபத் தம்பிமார் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, சபைக் கிட்டார் ஒரே இரைச்சலா இருக்கு. பிக்கப்பை மாத்திரலாமா? எந்தப் பிக்கப் வாங்கலாம்?" பெரியவர்கள் சிலருக்கு இந்தக் கேள்வியே பிடிப்பதில்லை. "முழங்கால்ல நிக்கிறதை விட்டுட்டு இதென்னப்பா ஆராய்ச்சி?" என்கிறார்கள்.

பிரியமானவர்களே, இது அற்பமான காரியம் அல்ல. பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு ஆராதனை ஒழுங்கைப் பற்றி எழுதும்போது, வாத்தியங்களைத்தானே உதாரணமாக எடுத்தார்? 1 கொரிந்தியர் 14-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். தெளிவில்லாத சத்தம் கேட்கிறவனுக்குப் பிரயோஜனப்படாது என்பதே அவர் சொல்லும் கருத்து. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற, காது மந்தமான பாட்டியம்மாவுக்குப் பாட்டின் வார்த்தை விழவில்லை என்றால், மேடையில் நாம் எவ்வளவு உற்சாகமாக வாசித்தும் என்ன லாபம்?

இன்னொன்றையும் யோசியுங்கள். பிக்கப் வாங்குவது காணிக்கைப் பணத்தில். விடியுமுன்னே ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற சகோதரியும், திராட்சைத் தோட்டத்தில் கவாத்துக் கூலிக்குப் போகிற சகோதரனும் போட்ட பணம் அது. கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் லூக்கா 14-ல் போதித்தாரே. ஆகவே நாமும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

1. பிக்கப் எதைக் கேட்கிறது?

நம்ம லோயர் கேம்ப் மின்நிலையத்தைப் பார்த்திருக்கிறீர்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் குழாயில் இறங்கி வந்து சக்கரத்தைச் சுற்றுகிறது. உள்ளே காந்தம் சுழலச் சுழல, சுற்றிலுமுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831-ல் மைக்கேல் பாரடே கண்டறிந்த தத்துவம் அது. கிட்டார் பிக்கப்பும் அதே தத்துவம்தான். சின்னக் காந்தம், அதைச் சுற்றி தலைமுடி மாதிரி மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே இருக்கிற இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது, கம்பியில் சின்ன மின்சாரம் பிறக்கிறது. அதைத்தான் ஆம்ப் பெரிதாக்குகிறது. அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்பவர் 1931-ல் இப்படி ஒரு பிக்கப்பைச் செய்து, 1937-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

கவனியுங்கள், பிக்கப் மைக்கைப் போலக் காற்றில் வருகிற சத்தத்தைக் கேட்பதில்லை. இரும்பின் அசைவை உணர்கிறது. பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்குப் போன இளையராஜா அவர்கள் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, கிளாசிக்கல் கிட்டாரில் டிரினிட்டி கல்லூரித் தேர்வு எழுதித் தேறியவர். அந்தக் கிளாசிக்கல் கிட்டாருக்கு நைலான் தந்தி. அதன் கீழே எத்தனை ஆயிரம் ரூபாய்க்குக் காந்தப் பிக்கப் வைத்தாலும் தந்தியின் சத்தம் வராது. ஆகவே எந்தக் கிட்டார், எந்தத் தந்தி என்று பார்க்காமல் பிக்கப் கடைக்குப் போகாதிருங்கள்.

2. முதலில் சோதித்துப் பாருங்கள்

பழைய வஸ்திரத்தில் புதுத்துண்டை வைத்துத் தைத்தால் கிழிசல் பெரிதாகும் என்று ஆண்டவர் ஓர் உவமை சொன்னார். குற்றம் ஒரு இடத்தில் இருக்க, வேறு இடத்தில் புதுசை ஒட்டவைத்துப் பயன் என்ன? வாங்குவதற்கு முன் மூன்று சோதனை செய்யுங்கள்.

முதல் சோதனை: கிட்டாரின் வால்யூமைச் சுத்தமாகக் குறையுங்கள். அப்பவும் இரைச்சல் அப்படியே இருந்தால் குற்றம் பிக்கப்பில் இல்லை. கேபிள், ஜாக், ஆம்ப், எர்த் இவைகளில் தேடுங்கள்.

இரண்டாம் சோதனை: வால்யூமை ஏற்றிவிட்டு, வாசிக்கிற தம்பி நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பட்டும். ஒரு பக்கம் இரைச்சல் கூடி, ஒரு பக்கம் குறைந்தால், பிக்கப்பின் கம்பிச் சுருள் சுற்றுப்புறத்து மின்சாரத்தை உள்வாங்குகிறது என்று அர்த்தம். நம்ம நாட்டில் மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. டியூப்லைட் சோக்கும், ஆம்புக்குள் இருக்கிற டிரான்ஸ்பார்மரும் அந்த "ம்ம்ம்" சத்தத்தைப் பரப்புகின்றன. இங்கேதான் பிக்கப் மாற்றம் உதவி செய்யும்.

மூன்றாம் சோதனை: தந்தியில் கை வைத்தால் இரைச்சல் குறைகிறதா? அப்படியானால் பிரிட்ஜுக்குப் போகிற எர்த் வயர் சரியாக இருக்கிறது. கை வைத்தால் கூடுகிறதா? அந்த வயர் விட்டுப்போயிருக்கலாம். சால்ட்ரிங் தெரிந்த ரேடியோ மெக்கானிக் சகோதரன் ஒருவர் இருந்தால் கொஞ்ச நேரத்தில் முடிகிற வேலை.

இதோடு துருப்பிடித்த தந்தியை மாற்றுங்கள். பிக்கப்பின் இருபக்க ஸ்குரூவைத் திருப்பி உயரத்தைச் சரிபாருங்கள். கடைசிக் கட்டையில் தந்தியை அமுக்கிப் பிடித்தால், தந்திக்கும் பிக்கப்புக்கும் நடுவே சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது நல்ல தொடக்கம். ரொம்ப நெருங்கினால் காந்தம் தந்தியையே இழுத்துச் சுருதியைக் கெடுக்கும். சில சபைகளில் இவ்வளவோடே பிரச்சினை தீர்ந்து, பணம் மிச்சமாகிவிடும். ஸ்தோத்திரம்!

3. உயிருக்கு ஆபத்தான இரைச்சல்

தேவபிள்ளைகளே, இதைத் தயவுசெய்து இரண்டுதரம் வாசியுங்கள். கிட்டார் வாசிக்கிற பிள்ளை பாடுவதற்காக மைக்கின் அருகே வாயைக் கொண்டு போகும்போது உதட்டில் "சுர்ர்"ன்னு இழுக்கிறது என்று சொன்னால், "பழைய ஆம்ப் அப்படித்தான்டா" என்று சொல்லிவிடாதிருங்கள். உடனே ஆராதனையை நிறுத்தி, மெயின் சுவிட்சை அணையுங்கள். கிட்டார்த் தந்தி கேபிள் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கிறது. மைக்கின் இரும்புக் கூடு மிக்சரின் எர்த்தோடு இணைந்திருக்கிறது. இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லாமல், உள்ளே கசிவும் இருந்தால், 230 வோல்ட் அந்தப் பிள்ளையின் கை வழியாகவும் வாய் வழியாகவும் பாயும். இதை எந்தப் பிக்கப்பும் தடுக்காது.

இரைச்சல் குறையட்டும் என்று மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிட்டு மாட்டுகிறவர்கள் உண்டு. இனி ஒருக்காலும் செய்யாதிருங்கள். ஆம்பையும் மிக்சரையும் ஒழுங்கான எர்த் உள்ள ஒரே இணைப்பிலிருந்து எடுங்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கிற கசிவுப் பாதுகாப்புச் சுவிட்சை மாட்டச் சொல்லுங்கள். கையில் இருக்கிற காசு ஒன்றுக்குத்தான் போதுமானால், பிக்கப் காத்திருக்கட்டும். எர்த் காத்திருக்கக் கூடாது. கிட்டாரை இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், பிள்ளையை வாங்க முடியுமா?

4. அப்படியானால் எதை வாங்குவது?

சோதனையெல்லாம் முடிந்து, பிக்கப்தான் காரணம் என்று தெரிந்தால், நிதானமாகத் தெரிந்தெடுங்கள்.

ஒற்றைச் சுருள் உள்ளது சிங்கிள் காயில். ஃபெண்டர் கம்பெனி 1954-ல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இப்படி மூன்று உண்டு. தெளிவான, மணி மாதிரி சத்தம். ஆனால் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். இரட்டைச் சுருள் உள்ளது ஹம்பக்கர். கிப்சன் கம்பெனியில் வேலை செய்த சேத் லவர் 1955-ல் வடிவமைத்தது. அவர் இரண்டு சுருள்களைப் பக்கத்தில் வைத்து, கம்பி இணைப்பையும் காந்தத் திசையையும் ஒன்றுக்கொன்று எதிராக்கினார். தந்தியின் அசைவு இரண்டிலும் ஒருமனமாகச் சேர்ந்து பெருகுகிறது. வெளியிலிருந்து வருகிற இரைச்சலோ ஒன்றையொன்று எதிர்த்து அழிகிறது. சபைக் கமிட்டியில் இரண்டு பேர் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! குணம் வேறு வேறாக இருக்கட்டும். பாட்டில் ஒருமனப்பட்டு, வெளி இரைச்சலுக்கு மாத்திரம் இடங்கொடாதிருக்கட்டும்.

டியூப்லைட்டும் ஃபேன் ரெகுலேட்டரும் நிறைந்த நம்ம சபைக் கட்டடங்களுக்கு ஹம்பக்கர் ஏற்றது. ஆனால் சிங்கிள் காயில் குழி உள்ள கிட்டாரில் பெரிய ஹம்பக்கரை வைக்க மரத்தைக் குடைய வேண்டிவரும். குடையாதிருங்கள். சிங்கிள் காயில் அளவிலேயே செய்த ஹம்பக்கர் கிடைக்கிறது. ஆர்டர் போடுமுன் குழியின் அளவையும், முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் உள்ள இடைவெளியையும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பலம். மாற்றுப் பிக்கப் என்ற வியாபாரத்தை 1972-ல் தொடங்கிவைத்த டிமார்சியோ கம்பெனியின் புகழ்பெற்ற பிக்கப், ஆம்பை அதிர அடிக்கிற பலமுள்ளது. வாலிபருக்கு அதன்மேல் ஆசை வரும். ஆனால் பலமெல்லாம் நல்ல சத்தம் அல்ல. செராமிக் காந்தமும் அதிகச் சுற்றும் சேர்ந்தால் சத்தம் முரட்டுத்தனமாகி, கார்டு வாசிக்கையில் சுரங்கள் ஒன்றோடொன்று கலங்கிப்போகும். சபைப் பாட்டுக்குப் பின்னணியாக வாசிக்கிறவருக்கு அல்னிகோ காந்தமுள்ள நடுத்தரப் பலம் போதும். அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த உலோகம் அது. மல்டிமீட்டரில் அளந்தால் பழைய பாணி ஹம்பக்கர் சுமார் 7 முதல் 9 கிலோ ஓம் காட்டும். அந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்மானிக்காதிருங்கள். காந்தமும் கம்பியின் கனமும் சேர்ந்தே சத்தம்.

மெழுகில் தோய்த்த பிக்கப்பாக வாங்குங்கள். சுருள் தளர்ந்திருந்தால் ஸ்பீக்கர் அதிர்ச்சியில் அதுவும் அதிர்ந்து கீச்சிடும். வால்யூம் குமிழும் பொருந்த வேண்டும். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். ஒவ்வொரு கம்பெனிக்கும் வயர் நிறம் வேறு; கூட வந்த படத்தைப் பார்த்தே இணையுங்கள். மாறிப்போனால் இரண்டு பிக்கப்பும் சேரும்போது சத்தம் மெலிந்து, சளிபிடித்த குரல் மாதிரி ஆகிவிடும். கழற்றின பழைய பிக்கப்பை எறியாமல் பத்திரமாக வையுங்கள்; புதியது பிடிக்காவிட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

5. பிக்கப் கொடுக்காதது

தாவீது சவுலுக்கு முன்பாகச் சுரமண்டலம் வாசித்தபோது காந்தமும் இல்லை, கம்பிச் சுருளும் இல்லை. ஆனாலும் கலங்கின மனுஷன் ஆறுதலடைந்தான். ஆடுகளுக்கு நடுவே பழகின கை அது. தந்தியில் இல்லாத சுரத்தைப் பிக்கப் உண்டாக்காது; கை தவறினால் அதையும் தெளிவாகவே எடுத்துச் சொல்லும்! ஆகவே தம்பிமாரே, நல்ல பிக்கப் வந்தபின் நீங்கள் இன்னும் அதிகமாகப் பழக வேண்டியதிருக்கும். பெரியவர்களே, சபைக்காக நேரம் செலவழித்து இதையெல்லாம் கற்றுக்கொள்ளுகிற பிள்ளையை உலகத்தான் என்று ஒதுக்காதிருங்கள். வாசஸ்தலத்தின் பொன் வேலைக்கும் மர வேலைக்கும் பெசலெயேலைத் தேவன் ஞானத்தால் நிரப்பவில்லையா?

வாங்குகிறவர்களுக்கு விவேகத்தையும், வாசிக்கிற கைகளுக்குப் பழக்கத்தையும், கேட்கிற காதுகளுக்குத் தெளிவையும் கர்த்தர் தாமே தந்தருளுவாராக. மேடையில் நிற்கிற நம் பிள்ளைகளை எந்தச் சேதமும் அணுகாதபடி காத்துக்கொள்வாராக. ஆமென்.