ஒத்தூதுவோர் யார்?

அதிகாரத்தில் இருப்பவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் ஒருவனை இகழ நினைக்கும்போது, தமிழர்களாகிய நாம் எங்கே சென்று சொற்களைத் தேடுகிறோம்? இசையரங்கிற்குத்தான் செல்கிறோம். 'ஒத்து ஊதுகிறான்' என்கிறோம். 'பின்பாட்டுப் பாடுகிறான்' என்கிறோம். 'தாளம் போடுகிறான்' என்கிறோம். 'ஜால்ரா அடிக்கிறான்' என்கிறோம். இந்த நான்கும் துணைநின்று இசைப்போரின் தொழில்கள். முன்னின்று பாடுபவன்மீது அடிமைப் புத்தி என்னும் பழியை மொழி ஏற்றவில்லை. அவனைத் தாங்கி நிற்பவர்கள்மீதே ஏற்றியிருக்கிறது.

இது நீதியா? தாங்கி நிற்பது தாழ்வா? தாழ்வு இல்லையென்றால், தாங்கி நிற்போர் எக்காலமும் பெயரற்றவர்களாகவே இருக்க வேண்டுமா? மேலோட்டமாகப் பார்த்தால் இது இசை பற்றிய சிறு வினா. ஆயின் உழைப்பு, பெருமை, சமத்துவம் என்பன பற்றிய பெரிய வினா அதனுள்ளே அடங்கியிருக்கிறது. மட்டக்களப்பு வாவியின் கரையில் நின்று இதனை ஆராய்வதற்குக் காரணங்கள் உண்டு.

வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். இவ்விரு கரைகளிலும் கோயில் திருவிழா இரவுகளில் உள்ளூர் இசைக்குழுக்கள் மேடையேறுகின்றன. பாடகர்கள் நடுவில் நிற்பர். முதன்மைக் கிற்றார்க்காரனும் கீபோட் வாசிப்பவனும் வெளிச்சத்தில் இருப்பர். மேளத்தின் அருகே, இருள் சற்று மிகுந்த மூலையில், பேஸ் கிற்றாருடன் ஒருவன் நிற்பான். அவன் பகலில் ஆசிரியனாகவோ எழுதுவினைஞனாகவோ மேசனாகவோ இருப்பான். இசை அவனுக்குச் சோறு போடும் தொழிலன்று. நிகழ்ச்சி முடிந்ததும் மக்கள் பாடகனைச் சூழ்ந்து கொள்வார்கள். பேஸ் வாசித்தவனோ வயர்களைச் சுருட்டி, ஒலிபெருக்கிப் பெட்டியை லொறியில் ஏற்றிக் கொண்டிருப்பான்.

அந்தக் கருவி செய்யும் வேலை என்ன? நான்கு தடித்த கம்பிகள். ஆகத் தாழ்ந்த கம்பி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிரும். மனிதச் செவி ஒலி என்று உணரக்கூடிய எல்லையின் அடிப்பகுதிக்கு அது அண்மையானது. ஆகவே கேட்போர் அதனைச் செவியால் பிரித்தறிவதைவிட நெஞ்சில் உணர்வதே மிகுதி. பாடலின் தாளத்தையும் சுரத்தையும் இணைக்கும் முடிச்சு அதுவே. அது ஒலிக்கும்போது எவரும் கவனிப்பதில்லை. அது நின்றுவிட்டால் பாட்டு வெறுமையாகிப் போனதை எல்லோரும் உணர்வர், காரணத்தை மட்டும் சொல்லமாட்டார்கள். 1980களில் இளையராஜாவின் திரைப்பாடல்கள் இக்கருவிக்குத் தனிக்குரல் கொடுத்த பின்னரே தமிழ் இளைஞர் பலர் இப்படியொரு கருவி இருப்பதை அறிந்தனர்.

பழந்தமிழ் இசையிலக்கணம் தாழ்ந்த சுரநிலையை 'மெலிவு' என்றும், உயர்ந்த நிலையை 'வலிவு' என்றும், இடைநிலையைச் 'சமன்' என்றும் பெயரிட்டது. காரைதீவில் பிறந்து 1947இல் 'யாழ் நூல்' அரங்கேற்றிய சுவாமி விபுலாநந்தரின் ஆராய்ச்சி இத்தகைய சொற்களை மீண்டும் நம்முன் கொண்டுவந்தது. உயர்ந்த குரலை எழுப்ப மூச்சின் வலிமை மிகுதியாக வேண்டும் என்பதனாலே இலக்கண ஆசிரியர்கள் அவ்வாறு பெயரிட்டிருக்கலாம். ஆயின் சொல் தன் வேலையைச் செய்துவிடுகிறது. கீழே ஒலிப்பது மெலிந்தது, மேலே ஒலிப்பது வலியது என்று நாம் நம்பத் தொடங்குகிறோம். உண்மையில் நீளமும் தடிப்பும் கூடிய கம்பியே தாழ்ந்து ஒலிக்கும். அதனைத் தாங்கும் கருவிக்கே உறுதி அதிகம் வேண்டும்.

வாவியே இதற்குச் சான்று கூறுவதுபோல இருக்கிறது. நிலா வெளிச்ச இரவுகளில் நீருக்குள்ளிருந்து எழும் இசையை 1848இல் கேட்ட எமர்சன் தெனன்ற், ஒற்றைச் சுரம் அன்று, மெல்லிய உச்சக்குரலும் ஆகத் தாழ்ந்த குரலும் கலந்த பல ஒலிகளின் கூட்டம் என்னும் கருத்தில் அதனை எழுதி வைத்தார். விபுலாநந்தர் அதனை 'நீரரமகளிர்' என்று பாடினார். மீன் பாடுகிறதா, ஊரி பாடுகிறதா என்னும் வழக்கு இன்னும் முடியவில்லை. பாடும் உயிருக்குப் பெயர் தெரியாமலே ஒரு நாடு அதன் பாட்டினால் 'மீன்பாடும் தேன்நாடு' எனப் பெயர் பெற்றுவிட்டது! பெயரற்றோரின் உழைப்பில் பிறர் பெயர் பெறுவதற்கு இதனினும் பொருத்தமான உவமை வேறு வேண்டுமா?

இனி, வசைச்சொற்களின் வழக்கை விசாரிப்போம். நாதசுர மேளத்தில் ஒத்து ஊதுபவன் செய்வது என்ன? ஒரே சுரத்தை இடைவிடாமல் பிடித்து நிற்கிறான். நாதசுரக்காரன் மேலே செல்லலாம், கீழே இறங்கலாம், வழி தவறவும் கூடும். ஒத்து அவனோடு கூடச் செல்வதில்லை. அவன் தவறினானா இல்லையா என்பதை அளந்து சொல்வதே ஒத்துத்தான். தாளம் போடுபவனும் அப்படியே. பாடகன் எவ்வளவு பெரியவனானாலும் தாளம் அவனுக்காக விரைவதில்லை, தயங்குவதும் இல்லை. முகத்துதி செய்பவனோ, தலைவன் சுருதி விலகும்போது தானும் விலகுகிறான். தாளம் தவறும்போது தவறியதே தாளம் என்று சாதிக்கிறான். ஆகவே துதிபாடிக்கும் ஒத்துக்காரனுக்கும் உள்ள ஒற்றுமை வெறும் தோற்றமே. இயல்பில் ஒருவன் மற்றவனுக்கு நேர் எதிர். நல்ல ஒத்துக்காரன் அரசவையில் இருந்திருந்தால் பல அரசர்கள் தப்பியிருப்பார்கள்.

மட்டக்களப்புக் கூத்தில் இந்த உண்மை கண்ணுக்குத் தெரியும்படி நிற்கிறது. வடமோடியாயினும் தென்மோடியாயினும், வட்டக்களரியில் அரசனும் வீரனும் ஆடி வருவர். தம் பாகம் முடிந்ததும் போய்விடுவர். அண்ணாவியாரும், மத்தளமும், சல்லரியும், பிற்பாட்டுக்காரரும் விடியும் வரை களரியில் நிற்பர். ஆடிக் களைத்த கூத்தனின் மூச்சு இரைக்கும்போது அவனது பாட்டைப் பிற்பாட்டுக்காரர் ஏந்திக் கொள்வர். ஆடுவோரும் பாடுவோரும் வயலையும் வாவியையும் நம்பி வாழும் உழைப்பாளிகள். சட்டம் கொடுப்பதிலிருந்து அரங்கேற்றம் வரையில் மாதக்கணக்காக நடக்கும் பயிற்சி, ஊர் தனக்குத் தானே நடத்தும் பள்ளியாகும்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இக்கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு நவீன மேடைக்குக் கொண்டு வந்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என்பன அரங்கேறின. கற்றோர் நாட்டுக்கூத்தை மதிக்கத் தொடங்கியது அந்த முயற்சியின் பயன். அது பெரும் பணி. ஆயினும் இரவு முழுவதும் நின்ற பிற்பாட்டுக்காரனின் பெயரை எத்தனை நூல்கள் பதிவு செய்திருக்கின்றன என்று நாம் கேட்காமல் இருக்க முடியாது.

இங்கே நம் வாதத்திற்கு நாமே ஒரு தடை எழுப்ப வேண்டியிருக்கிறது. தாங்கி நிற்பது உயர்ந்தது என்று சொல்லிக்கொண்டே போனால், தாங்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டோரை ஏமாற்றும் சொல்லாக அது மாறிவிடாதா? பேஸ் வாசிக்கும் ஆசிரியன் விரும்பி அந்த மூலையில் நிற்கிறான். விரும்பாவிட்டால் கருவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அவனது ஊரிலேயே பறை முழக்கியவனுக்கு அந்த உரிமை இருந்ததா? சாவு வீட்டிலும் கோயிலிலும் முழக்குவது அவன்மீது பிறப்பினால் சுமத்தப்பட்ட ஊழியம். அவனது தாளம் இல்லாமல் சடங்கு நடவாது. ஆயினும் அதே தாளம் அவனைத் தீண்டத்தகாதவனாக்கும் அடையாளமாயிற்று. அவனுடைய பிள்ளைகள் பறையை வீசியெறிய விரும்பினால், கலை அழிகிறதே என்று கண்ணீர் வடிக்க நமக்கு உரிமையில்லை. அவர்கள் வீசியது கலையை அன்று, விலங்கை. சாதியின் பிடியிலிருந்து பறை விடுபட்டு, எவரும் விரும்பி எடுக்கும் கருவியாகும் நாளிலேதான் அது முழுமையான கலையாகும்.

பெண்களின் நிலையும் இதுவே. மரபுக் கூத்தில் பெண் பாத்திரத்தையும் ஆணே ஆடினான். பெண்ணுக்குக் களரியில் இடமில்லை. களரிக்கு வெளியே சோறு சமைப்பதிலும் பிள்ளைகளைப் பார்ப்பதிலும் இடமிருந்தது. அந்த உழைப்பு, கூத்தின் ஆகத் தாழ்ந்த சுரம். எவர் செவியிலும் விழாத சுரம். அண்மைக் காலத்தில் பெண்கள் களரி ஏறியிருப்பது வெறும் புதுமையன்று, காலம் கடந்து கிடைத்த நீதியாகும்.

விரும்பி நின்றவனுக்கும் அநீதி நேரலாம் என்பதற்கு உலகம் ஒரு சான்று தருகிறது. மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் நிறைந்த அமெரிக்க நகரமான டெட்ரோயிட்டில், மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பனிக்காக ஜேம்ஸ் ஜேமர்சன் என்னும் கறுப்பினக் கலைஞர் 1960களில் பேஸ் வாசித்தார். உலகம் முழுவதும் பாடிய பல பாடல்களின் அடிநாதம் அவருடைய விரலில் பிறந்தது. இசைத்தட்டு உறைகளில் பாடகரின் பெயர் இருந்தது; கம்பனியின் பெயர் இருந்தது; அவருடைய பெயர் இல்லை. 1971இல் மார்வின் கேயின் ஓர் இசைத்தட்டு வெளிவந்தபோதே அவருக்கும் அவருடைய தோழர்களுக்கும் அந்த உறையில் இடம் கிடைத்தது. 1983இல் அவர் இறந்தார். அமெரிக்க ரொக் இசைப் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2000ஆம் ஆண்டில். தொழிற்சாலையில் வாகனம் செய்த கைகளுக்கும் இசைத்தட்டில் நாதம் செய்த கைகளுக்கும் நேர்ந்தது ஒன்றே: பண்டம் ஊர் சுற்றியது, செய்தவன் மறைந்து போனான்.

"கடமையைச் செய், பலனை எதிர்பாராதே" என்று இதற்குச் சிலர் சமாதானம் கூறுவர். அச்சொல்லை யார் யாரிடம் கூறுகிறார் என்பதைப் பார்க்க வேண்டும். உழைப்பவன் தனக்குத் தானே கூறிக்கொண்டால் அது மன உறுதி. பலனை அள்ளிச் செல்பவன் உழைப்பவனிடம் கூறினால் அது மோசடி. புகழை நாடாதிருக்கும் உரிமை பேஸ் வாசிப்பவனுக்கு உண்டு. அவனுடைய பெயரைச் சொல்லாதிருக்கும் உரிமை மேடையின் முன் நிற்பவனுக்கு இல்லை. அடக்கம் ஒருவனின் குணமாக இருக்கலாம். அதனை மற்றவர்கள் தமக்கு வருமானமாக்கிக் கொள்ளக்கூடாது.

எனவே தாங்கி நிற்பது எப்போது அறம், எப்போது அடிமைத்தனம் என்று அறிய மூன்று கேள்விகள் போதும் என்று கருதுகிறோம். முதலாவது: அவன் விரும்பி நிற்கிறானா, விலகிப் போக அவனுக்கு வழி உண்டா? இரண்டாவது: முன்னே நிற்பவன் தவறும்போது, இல்லை என்று பிடித்து நிறுத்த அவனுக்கு உரிமை உண்டா? மூன்றாவது: பலன் பகிரப்படும்போது அவனுடைய பெயரும் பங்கும் கணக்கில் வருகின்றனவா? முதலாவது இல்லையேல் அது ஊழியம். இரண்டாவது இல்லையேல் அது துதிபாடல். மூன்றாவது இல்லையேல் அது சுரண்டல். மூன்றும் இருந்தால், அது மனிதன் மனிதனுக்குச் செய்யக்கூடிய உயர்ந்த உதவிகளுள் ஒன்று.

இப்போது இசைக்குழுக்களில் பேஸ் வாசிப்போர் குறைந்து வருகின்றனர். கீபோட்டின் இடக்கையோ, முன்கூட்டியே பதிவு செய்த ஒலியோ அவ்வேலையைச் செய்துவிடுகிறது. செலவு குறைவு, தவறும் இல்லை. உண்மைதான். ஆயின் பாடகன் ஓர் அடியை மறந்து தடுமாறும்போது, பதிவு செய்த ஒலி அவனை விட்டுவிட்டுப் போய்விடும். பக்கத்தில் நிற்கும் மனிதன் அதே சுரத்தில் இன்னும் ஒரு சுற்று நின்று, அவன் திரும்பி வரும் வரையில் காத்திருப்பான். கூட்டத்திற்கு அது தெரியாது. மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியும். போர்க்காலத்து ஊரடங்கு இரவுகளையும் 2004 டிசம்பர் 26இன் கடல்கோளையும் கடந்து வந்த இந்தக் கரைகளில், அப்படி ஒருவருக்காக ஒருவர் காத்து நின்றதனாலேயே வாழ்வு மீண்டது.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய வாசகர்களுக்கு இது அயல்வீட்டுச் சங்கதியன்று. ஆசிரியத் தொழிலே ஓர் அடிநாதம். மாணவன் மேடையேறுகிறான், ஆசிரியன் மூலையில் நிற்கிறான். எனினும் நமது பரிசளிப்பு விழாக்களில் முன்னின்று பாடிய பிள்ளைக்கே கேடயம் கொடுக்கிறோம். எல்லோரும் முதலாமவராக வேண்டும் என்று, நடக்க முடியாத ஒன்றை நாற்பது பிள்ளைகளிடம் ஒரே நாளில் சொல்கிறோம். அடுத்த விழாவிலிருந்து சுருதிப்பெட்டி பிடித்த பிள்ளையின் பெயரையும் மேடையில் வாசிக்கலாம். இம்முறை பாடியவர் அடுத்த முறை தாளம் போடட்டும். தாளம் போட்டவர் பாடட்டும். துணைநிற்பது ஒரு சாதிக்கோ ஒரு பாலுக்கோ ஏழைக்கோ உரியதன்று, எல்லோருக்கும் முறைவைத்து வரும் கடமை என்பதைப் பிள்ளைகள் அறநூலில் படிப்பதற்கு முன்பே கையினால் அறிந்து கொள்வார்கள்.

அதன் பிறகும் துதிபாடிகள் இருப்பார்கள். அவர்களை இகழ நமக்கு வேறு சொற்கள் கிடைக்கும். ஒத்துக்காரனையும் தாளக்காரனையும் அந்த வழக்கிலிருந்து விடுதலை செய்வோம்.