கைதட்டலும் கடமையும்

குழந்தையின் நடிப்பைக் கண்டு மகிழாதார் இலர். அம்மகிழ்ச்சியால் நாம் பட்ட கடன் யாது என எண்ணுவோரோ சிலரே.

தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். 1912-இல் பிறந்த தி. க. சண்முகம் ஆறாம் வயதில் அச்சபையிற் சேர்ந்தார். அவர் நடிப்பதற்கென்றே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் போற்றும் செய்தி. அபிமன்யுவாகத் தோன்றிய அச்சிறுவரே பின்னாளில் அவ்வை சண்முகமாகப் புகழ்பெற்றார்.

ஆயினும், பாலர் சபைகளில் இரவெல்லாம் விழித்துப் பாடிய சிறுவர் எத்துணைப் பேர்! பள்ளியும் தாய்மடியும் அவர்களுக்குத் தொலைவாயின. மகரக்கட்டில் குரல் உடைந்ததும் முதன்மை வேடம் கைநழுவியது. ‘வறியவர்க்குச் சோறும் கலையும் கிடைத்தனவே’ எனலாம், உண்மைதான். ஆனால் வென்றவர் பெயரை மட்டும் எண்ணிக் கணக்கை முடிப்பது அறமாகாது. குரல் மீளாதவர்க்கு வரலாற்றில் பெயரே இல்லை. தான் இழப்பது இன்னதென்று அறியாத குழந்தையின் இசைவு, முழுமையான இசைவன்று.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் செய்யப்பட்ட திருத்தம், கலைஞராகப் பணிபுரியும் குழந்தையின் பள்ளிக் கல்வி கெடலாகாது என விதித்தது. சட்டம் அவ்வளவே செய்யும். எஞ்சியது காண்போர் கடமை.

வெளிமாநிலத்தில் வாழும் நாமும் சங்க விழாக்களில் நம் மழலைகளை மேடையேற்றுகிறோம். அவர்கள் நாவில் தமிழ் கேட்கையில் நெஞ்சு நெகிழ்கிறது. நெகிழ்ச்சி நமக்கு; உழைப்பு அவர்களுக்கு. வசனம் மறந்து நிற்கும் குழந்தையையும் அதே அன்போடு அணைத்துக்கொள்வோமாயின், அதுவே அக்கடன் தீர்க்கும் வழியாம்.