கூலியும் வேலியும்

ஊரார் கூடி வெட்டிய ஊருணியில் நீர் முகந்து, வீடுதோறும் சுமந்து வருபவன் கூலி கேட்கிறான். கொடுப்பதே அறம். ஆனால், "அண்டை வீட்டாருக்கு ஒரு செம்பு கொடுத்தால், நாளை முதல் உனக்கு நீரில்லை" என்றால்? அது கூலியா? வேலி அன்றோ!

கணிப்பொறியை இயக்கும் லினக்ஸ் அத்தகைய ஊருணி. 1991-ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார், பன்னாட்டார் வளர்த்தனர். மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்பதே அதன் உரிமம்.

அதனைத் தொகுத்து, சோதித்து, பிழை நீக்கி, ஆண்டுக்கணக்கில் பேணித் தருகிறது ரெட் ஹாட் நிறுவனம். அதற்குச் சந்தா பெறுகிறது. குறை கூறோம். உழைத்தவன் வயிற்றை மறந்துவிட்டு விடுதலை பேசுவது வீண் பேச்சு.

ஆனால், 2023 ஜூன் திங்களில், அடுத்த பதிப்புக்கான நிரலை மட்டும் பொதுவில் விட்டு, வணிகப் பதிப்பின் மூலநிரலைச் சந்தாதாரர்க்கென ஒதுக்கியது. பெற்றவர் பிறர்க்கு வழங்குவதை உரிமம் தடுக்கவில்லை. வழங்கினால் சந்தாவை முறிக்கும் அதிகாரத்தை ஒப்பந்தம் நிறுவனத்திடம் தருகிறது. உரிமை ஏட்டில், அச்சம் வீட்டில்!

உழைக்காதவர் நகலெடுத்து ஊதியம் பெறலாமா என்பர். நேர்மையான கேள்விதான். அந்நிறுவனத்தார் உழைப்பும் ஊருணியில் கலந்திருக்கிறது, மெய். எனினும், அவர்கள் முகந்தபோது எவரும் தடுக்கவில்லையே! பெற்றபோது இனித்த உரிமை, பிறர் பெறும்போது கசப்பதேன்?

சட்டம் இடம் தரலாம். அறம் தருமா?

கூலி கேளுங்கள், கொடுப்போம். வேலி வேண்டாம்!