கிளைக் கணக்கு

டென்னிஸ் ராணி செரீனா வில்லியம்ஸுக்கு 2017 செப்டம்பரில் குழந்தை பிறந்தது. சிசேரியன். மறுநாளே மூச்சு வாங்கியது. நுரையீரலில் ரத்தம் உறைந்து ஏற்கெனவே அவஸ்தைப்பட்டவர் என்பதால், என்ன ஸ்கேன், என்ன மருந்து என்று நர்ஸிடம் அவரே சொன்னார். வலி மருந்தின் மயக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்துவிட்டார் நர்ஸ்! கடைசியில் ஸ்கேன் எடுத்தால், அவர் சொன்னதுதான் சரி.

ஒருத்தர் கதையை வைத்து ஒரு நாட்டையே எடை போடலாமா? கூடாதுதான். கணக்குக்கே வருவோம். 2023-ல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 18.6 தாய்மார்கள் இறந்தார்கள். இது சராசரி. வெள்ளைப் பெண்களை மட்டும் எடுத்தால் 14.5. கறுப்புப் பெண்களில் 50.3!

'ஏழைங்க, படிக்காதவங்க... அதான்' என்று சொல்லத் தோன்றும். அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2019-ல் வெளியிட்ட ஆய்வு அதற்கும் இடம் வைக்கவில்லை. பட்டம் பெற்ற கறுப்புப் பெண்களின் பிரசவ கால மரண விகிதம், பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத வெள்ளைப் பெண்களுடையதைப்போல 1.6 மடங்கு.

கறுப்பு என்பது ஒரு சாலை, பெண் என்பது ஒரு சாலை. இரண்டும் சந்திக்கும் நாற்சந்தியில் நிற்பவளுக்கு இரண்டு பக்கமிருந்தும் அடி விழும் என்று 1989-ல் எழுதினார் சட்டப் பேராசிரியை கிம்பர்லே கிரென்ஷா. ஐந்து கறுப்புப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் மீது போட்ட வழக்கை அவர் உதாரணம் காட்டினார். 'பெண்களைத்தான் வேலைக்கு எடுத்திருக்கிறார்களே! நிறமும் பெண்மையும் சேர்ந்த தனிப் புகார் செல்லாது' என்றது 1976 தீர்ப்பு. வேலைக்கு எடுக்கப்பட்ட அந்தப் பெண்கள் வெள்ளைக்காரிகள் என்பதை கோர்ட் பொருட்படுத்தவில்லை.

இப்படிப் பிரித்துப் பிரித்து எண்ணினால் பிரிவினைதானே வளரும் என்று நல்ல மனசுக்காரர்களே கேட்கிறார்கள். நான் பி.காம். படித்தவன். பத்துக் கிளை உள்ள கம்பெனியில் மொத்த லாபத்தை மட்டும் பார்த்தால், நஷ்டத்தில் ஓடும் கிளை கண்ணில் படாது. கிளைவாரியாகக் கணக்குக் கேட்கிற ஆடிட்டரை, 'கம்பெனியை உடைக்கிறான்' என்று யாரும் திட்டுவதில்லை. உயிர்க் கணக்கில் மட்டும் ஏன் இந்தக் கூச்சம்?

அங்கே ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீடு, பிரசவத்துக்குப் பின் 60 நாளில் முடிந்துவிடலாம் என்றிருந்தது. அதற்குப் பிறகும் தாய்மார்கள் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். 2021-ல் வந்த சட்டம் அதை ஒரு வருஷமாக நீட்டிக்க மாநிலங்களுக்கு வழி செய்தது; பெரும்பாலானவை நீட்டித்தும்விட்டன. கறுப்புப் பெண்களின் மரணக் கணக்கைக் காட்டி எழுந்த குரல்களும் அதற்கு ஒரு காரணம். பயன் என்னவோ, ஏழை வெள்ளைக்காரிக்கும் சேர்த்துத்தான் கிடைத்தது.