குறி தப்பினால் யாருக்கு?

டெக்சஸில் இருக்கும் என் கல்லூரி நண்பன் ஒரு பழைய லீவர் ஆக்‌ஷன் கார்பைன் வாங்கியிருக்கிறான். வின்செஸ்டர் 1894 மாடல். கவ்பாய் படங்களில் கைப்பிடிக்குக் கீழே இருக்கும் வளையத்தைச் சடக்கென்று இறக்கி ஏற்றுவார்களே, அதுதான். குறிபார்க்கும் இரும்புகள் தேய்ந்துவிட்டன, பதிலுக்கு எதைப் போடலாம் என்று வாட்ஸப்பில் படம் அனுப்பினான். துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காத என்னிடம் கேட்டதற்கு ஒரே காரணம், இருவரும் மெக்கானிக்கல் படித்தவர்கள். நவம்பரில் மான் வேட்டைக்குப் போகிறானாம். "ஸ்கோப் வேண்டாம்டா. வெறும் கண்ணால பார்த்துச் சுடறதுதான் நேர்மை" என்றான்.

அந்த 'நேர்மை' எனக்கு உறுத்தியது.

விஷயம் எளிய வடிவகணிதம்தான். குழலின் நுனியில் ஒரு முள், பின்னால் ஒரு பள்ளம். இரண்டுக்கும் இடையே அரை மீட்டர் என்றால், முள் ஒரு மில்லிமீட்டர் விலகினால் 100 மீட்டரில் 20 சென்டிமீட்டர் விலகும். நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் பட அது போதும். கார்பைனுக்குக் குழல் குட்டை, பிழை இன்னும் பெருகும். அதனால் பள்ளத்துக்குப் பதில் ஓட்டையுள்ள ஒரு வளையத்தைக் கண்ணுக்கு அருகே தள்ளிப் பொருத்துகிறார்கள். கண் தானாகவே வட்டத்தின் நடுவைத் தேடிக்கொள்ளும். வளையம் உயரமாக உட்கார்ந்தால் முன்முள்ளையும் உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் குண்டு மேலே போகும். இன்னொன்று: கண்ணால் பல தூரங்களை ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. முள் தெளிவாகத் தெரியட்டும், இலக்கு மங்கட்டும் என்பது துப்பாக்கிக்காரர்களின் பாலபாடம். கொல்லப்போகிற உயிரை மங்கலாகத்தான் பார்க்க வேண்டும். இதை அவனிடம் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு மாலை ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கரையில் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். கட்டுமரக் காலத்திலிருந்தே மீனவர்களும் இதே வேலையைத்தான் செய்துவந்திருக்கிறார்கள். கரையில் கிட்டே ஒன்று, தூரத்தில் ஒன்று. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் ஒரு கோடு. வேறு திசையில் இன்னொரு ஜோடி, இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் மீன் ஒதுங்கும் பாறை. ஜோடிக்குள் இடைவெளி குறைந்தால் பிழை பெருகும். கார்பைன் கணக்கேதான்.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "ஐயா, ஜிபிஎஸ் வந்தப்புறம் கரையைப் பார்த்துப் போறது போயிடுச்சா?" என்று கேட்டேன். ஒரு புலம்பலை எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"வலை பாறையில மாட்டிக் கீஞ்சா நீ குடுப்பியா தம்பி? நம்பரப் பாத்தா நேரா போய்டலாம். டீசல் மிச்சம்."

"அந்த நம்பர் எங்கிருந்து வந்துச்சு?"

"எங்கிருந்து வரும்? கோயிலையும் கட்டடத்தையும் வெச்சுப் போய் நின்னு, அங்க பட்டன அமுக்கிக்கினேன்."

பழைய குறி இருக்கும்போதே அதைக்கொண்டு புதிய குறியைச் சரிபார்த்துக்கொண்டார். அது மறைந்த பிறகு முயன்றிருந்தால், அந்தப் பாறை கடலில் எங்கே என்று மறுபடி தேட வேண்டியதுதான். பின்னால் இருப்பதை மறைத்து எழும்பும் அடுக்குமாடிகளைப் பற்றிக் கேட்டதற்கு, "அதையே வெச்சுக்குவோம்" என்றார். (அந்த நம்பரும் முழுக்க நம் கையில் இல்லை. 2000 மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. குறியின் திருகாணி வேறொருவர் கையில்.)

பெரியவர் வெறும் கண்ணை நம்பி ஏமாந்தால் போவது அவர் வலை, அவர் டீசல். நண்பன் வெறும் கண்ணை நம்பினால் சவால் அவனுடையது, சுகம் அவனுடையது. குடல் கிழிந்து இரவெல்லாம் ஓடுவது மான். பிழையின் விலையைத் தானே கட்டுகிறவன் கடினமான கருவியைத் தேர்ந்தெடுப்பது வீரமாக இருக்கலாம். பிறர் கட்டும்போது அதற்கு நேர்மை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மீனின் கட்சி என்ன என்று நீங்கள் கேட்கலாம். வஞ்சிரம் வறுவலை ரசித்துத் தின்கிற என்னிடம் அதற்குப் பதில் இல்லை. அலுவலகத்தில் 'தொண்ணூற்றெட்டு சதவீதம் சரி' என்று கைதட்டி நாங்கள் வெளியிடும் மென்பொருளில், மீதி இரண்டு சதவீதம் யார் தலையில் விழுகிறது என்று நானும் போய்ப் பார்த்ததில்லை.

வளையம் போடு, முன்முள்ளை மாற்று, முதலில் காகிதத்தைச் சுடு என்று எழுதினேன். மூன்று வாரம் கழித்து இரண்டு படங்கள் வந்தன. 50 மீட்டரில் ஐந்து ஓட்டைகளும் உள்ளங்கைக்குள். 100 மீட்டரில் மூன்றுதான் காகிதத்தில் இருந்தன.

"அம்பதுக்கு மேல சுடமாட்டேன்டா" என்று எழுதியிருந்தான்.

"அறுபதுல பெரிய கொம்போட ஒண்ணு வந்து நின்னா?" என்று கேட்டேன். நீலக் குறி விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.