கயிறு தளரும் வேளை



பழனியில் ஜட்காக் குதிரைகளைக் கண்டிருப்பீர்கள். சாட்டைக்கே பழகிப் பின் கைவிடப்பட்ட ஒரு குதிரையை மீட்டு, சிறுவர் சவாரி பயிலும் சாதுவான குதிரையாக்கலாமோ? ஆக்கலாம். அது உதைப்பது துஷ்டத்தனத்தாலன்று, பயத்தால். குதிரைக்கு நேர் பின்புறம் தெரியாது; ஆகையால் பழக்குவோர் பக்கவாட்டில், குரல் கொடுத்தே அணுகுவார்கள். கயிற்றை மெல்ல இழுப்பார்கள். அது ஓரடி வைத்தவுடன் தளர்த்துவார்கள். அந்தத் தளர்வே அதற்கு வெகுமதி. இழுத்தபடியே நின்றால், கீழ்ப்படிந்தும் பயனில்லையென்று முரண்டு பிடிக்கும்.

நாமோ, பாவசங்கீர்த்தனம் செய்து வீடு திரும்பிய மகனையும் பழைய குற்றத்தைச் சொல்லியே இழுக்கிறோம். சர்வேசுரன் தளர்த்திய கயிற்றை இறுக்க நாம் யார்? தளர்த்துவது வேறு, கைவிடுவது வேறு; கயிறு கையிலேயே இருக்கட்டும்.

இவ்வாரம் உங்கள் வீட்டில் ஓரடி எடுத்து வைத்தவர் யார்?